பேய்மழையும் அடைமழையும்: பீடோர்த் தோட்டப்புறப் பேச்சில் பெருமழைச் சொற்கள்

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்தம் கட்டுரைகளில் மழை பெரும்பாலும் ஒரே தொடரில்தான் பெய்கிறது. 'கனத்த மழை பெய்தது' என்பது அத்தொடர். அதே மாணவர் வீட்டுக்குச் சென்றால், 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்று பாட்டி கூறக் கேட்பர். முன்னது ஏட்டில் நிற்கிறது. பின்னது கொச்சை என்று ஒதுக்கப்படுகிறது. இவ்வாறு ஒதுக்கப்படும் சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டா, அவை எதை அளக்கின்றன என்பதை ஆராய முற்படுவதே இக்கட்டுரை.

இதற்கு நாம் எடுத்துக்கொண்ட களம், பேரா மாநிலத்தின் தென்பகுதியில் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்த பீடோரும் அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களும் ஆகும். தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தை ஒட்டிய பகுதி இது. பிற்பகலில் மலைப்பக்கம் கறுக்கத் தொடங்கினால் மாலைக்குள் இடியும் மழையும் வந்துவிடும். பேராவின் உட்பகுதிகளில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் - மே மாதங்களிலும் அக்டோபர் - நவம்பர் மாதங்களிலும், மழை மிகுதியாகப் பெய்யும். இம்மாநிலத்தைச் சேர்ந்த தைப்பிங் நகரில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இன்று மழை வருமா வராதா என்று பணம் வைத்துப் பந்தயம் ஆடும் வழக்கமே ஒரு காலத்தில் அங்கு இருந்தது. மழைக்குச் சொற்பஞ்சம் ஏற்படக்கூடிய நாடு அன்று இது.

தோட்டப்புறத்தார் பேச்சில் வழங்கும் பெருமழைச் சொற்களிற் பெரும்பாலானவை இங்குப் பிறந்தவை அல்ல. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் உடன் கொண்டுவந்தவையே அவை. ஆயினும் கொண்டுவந்த சொல் அன்றிருந்த பொருளிலேயே நிற்பதில்லை. அதன் வடிவத்தை முதலில் காண்போம். பொருள் மாற்றத்தைப் பின்னர்க் காண்போம்.

ஊற்றுதலும் அடித்தலும்

பெருமழையைக் குறிக்கும் வினைகள் பேச்சுத்தமிழில் இரு குடும்பங்களாக நிற்கின்றன. ஒன்று ஊற்றுதல், மற்றொன்று அடித்தல்.

'மழை ஊத்துது' என்னும் தொடரை இலக்கண நோக்கில் காண்க. ஊற்று என்பது செயப்படுபொருளை வேண்டி நிற்கும் வினை. தண்ணீரை ஊற்றலாம், எண்ணெயை ஊற்றலாம். மழை எதனை ஊற்றுகிறது என்று கேட்டால் விடையில்லை. ஊற்றுபவரும் ஊற்றப்படும் பொருளும் மழையே. இந்த வினைக்கு மேலும் அழுத்தம் தர, அதே வினையை ஏவல் வடிவில் இரட்டித்து முன்னே நிறுத்துவர்: 'ஊத்து ஊத்துன்னு ஊத்துது', 'கொட்டு கொட்டுன்னு கொட்டுது'. 'கொட்டோ கொட்டென்று' என ஓகாரம் பெற்றும் வரும். யாரோ மழையை ஏவுவது போலவும் மழை அவ்வேவலுக்குப் பணிவது போலவும் அமைந்த தொடர் இது. எந்த வினையையும் இவ்வாறு மிகுவிக்கலாம் என்பதால் இதனைப் பேச்சுத்தமிழின் மிகுதி வாய்பாடு எனலாம்.

'பொத்துக்கிட்டு', 'பிச்சுக்கிட்டு' என்னும் அடைகளில் நுட்பம் இன்னும் மிகுதி. பொத்தல் என்பது துளை. பொத்துக்கொள்ளுதல் தானே துளைபடுதல். பிய்த்துக்கொள்ளுதலும் அத்தகையதே. இரண்டிலும் 'கொள்' என்னும் துணைவினை இருப்பதைக் கவனிக்க வேண்டும். வானத்தை யாரும் கிழிக்கவில்லை. அது தன்னைத்தானே கிழித்துக்கொண்டது. தாங்கமுடியாத அளவு நிறைந்த ஒன்று தானாக உடையும்போது தமிழர் இத்துணைவினையைப் பயன்படுத்துவர். சினமும் இவ்வாறே 'பொத்துக்கொண்டு' வரும். இந்த 'கிட்டு'வைக் கொச்சை என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வானம் கிழிந்தது போல்' என்று திருத்தினால், உவமை கிடைக்கும். வானம் தானே உடைந்த செய்தி போய்விடும்.

அடித்தற் குடும்பத்தில் 'வெளுத்து வாங்குது', 'விளாசுது', 'அடிச்சு ஊத்துது' ஆகியன அடங்கும். வெளுத்தல் என்பது துணியைத் துவைத்து வெண்மையாக்குதல். துவைக்கக் கல்லில் அடிக்க வேண்டும். ஆகவே வெளுத்தல் அடித்தலாயிற்று. பின்னர் ஒருவரை நையப்புடைத்தலும் வெளுத்தலாயிற்று. மழையும் அவ்வாறே நிலத்தை வெளுத்து வாங்குகிறது. 'கொட்டு' என்னும் வினை இரு குடும்பத்துக்கும் உரியது. பறையைக் கொட்டுதலும் தேள் கொட்டுதலும் அடித்தலின்பாற்படும். குப்பையைக் கொட்டுதல் ஊற்றுதலின்பாற்படும். மழை கொட்டும்போது இரண்டும் ஒருங்கே நிகழ்வதால் போலும், எல்லா வட்டாரத்தாரும் இவ்வினையை விரும்புகின்றனர். 'கொட்டித் தீர்த்தது' என நாளேடுகளும் எழுதுகின்றன.

பீடோரில் நம்முடன் வாழும் பிற மொழியினர் பெருமழையை வேறுவிதமாகக் காண்கின்றனர். மலாய்மொழியில் பெருமழை 'ஹுஜான் லெபாட்'. 'லெபாட்' என்பது அடர்த்தி. கிளை நிறையக் காய்த்த பழமும் அடர்ந்த கூந்தலும் மலாயில் 'லெபாட்'தான். கந்தோனீசு பேசுவோர், கொச்சை வழக்கில், நாயின் கழிவு வானிலிருந்து விழுவதாகவே கூறுவர். ஆங்கிலேயருக்கோ பூனையும் நாயும் விழும். இவற்றோடு ஒப்பிட நம் வழக்கு வினையை நம்பி நிற்பது தெளிவாகும். மலாய் மழையின் செறிவைப் பார்க்கிறது. சீனமும் ஆங்கிலமும் விழும் பொருளை நகைச்சுவையாக மாற்றுகின்றன. தமிழ் மழையின் செயலைப் பார்க்கிறது.

பேய், காடு, அடை

பெயரடைகளில் முதலிடம் பெறுவது 'பேய்மழை'. பேய்க்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. பேய்ச்சுரை, பேய்க்கரும்பு, பேய்க்கும்மட்டி என்னும் பெயர்களிலும் பேய் இல்லை. மனிதர் வசப்படாத, காட்டுத்தன்மை வாய்ந்த, அளவு கடந்த ஒன்றனைக் குறிக்கும் அடையே அது. 'காட்டு மழை' என்பதில் வரும் காடும் அப்படியே. தொல்காப்பியர் மிகுதிப் பொருளுக்கு உறு, தவ, நனி என்னும் உரிச்சொற்களைக் குறிப்பிட்டார். அவை பேச்சிலிருந்து மறைந்த பின்னர், அவ்விடத்தை நிரப்பப் பேச்சுமொழி தேர்ந்த சொற்களுள் பேயும் ஒன்று எனலாம். ஒலியும் இதற்குத் துணை நின்றது. 'பெய்கிறது' என்பது பேச்சில் 'பேயுது' என நீளும். 'பெய்தது' 'பேஞ்சுது' ஆகும். ஆகவே 'பேய்மழ பேயுது' என்னும்போது பெயரும் வினையும் ஒரே ஒலியாய் மோதுகின்றன. இந்த ஓசை நயத்தை யாரும் திட்டமிடவில்லை.

'அடைமழை' இதனின் வேறு. பேய்மழை வேகத்தால் பெரியது. அடைமழை நீட்சியால் பெரியது. அடை என்பது அடைத்தல். மக்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் மழை. பேச்சில் இது 'அடமழ' என ஒலிப்பதால், அடம்பிடிக்கும் மழை என்று பொருள்கொள்வோரும் உளர். சொற்பிறப்பு நோக்கில் அது பிழை. ஆயினும் மழையின் குணத்துக்கு அது பொருந்தாமல் இல்லை. இதே நீட்சியைச் 'சோனை' என்னும் பழஞ்சொல்லும் குறித்தது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சோனையை விடாமழை எனப் பொருள்படப் பதிவு செய்துள்ளது. இன்று பேச்சில் 'சோன்னு பேயுது' என்னும்போது கேட்கும் ஒலிக்குறிப்பும் அச்சொல்லை நினைவூட்டுகிறது.

'மாரி' என்னும் சொல்லின் நிலை தனித்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் மழைக்காலம் இன்றும் மாரிதான். தமிழகப் பொதுப்பேச்சிலும் மலேசியப் பேச்சிலும் அச்சொல் மழைப்பொருளில் வழங்குவதில்லை. ஆனால் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் உண்டு. நாள்தோறும் சொல்லப்படும் பெயருக்குள் மழை ஒளிந்திருப்பதைச் சொல்பவரே அறியாதவாறு அச்சொல் காக்கப்பட்டு வருகிறது.

உழவு மழையிலிருந்து வெட்டுக்கால மழைக்கு

தமிழகத்து வானம் பார்த்த பூமியில் உழவர் மழையை நிலத்தைக் கொண்டு அளந்தனர். 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்பன அளவைகள். ஒருமுறை ஏரோட்டப் போதுமான ஈரம் தந்தால் அது ஓர் உழவு மழை. இடைவிட்டுப் பெய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு 'பாட்டம்'. பருவத்தைத் திங்கள் பெயரால் கணித்தனர்: ஐப்பசியில் அடைமழை, ஆடியில் காற்று, சித்திரையில் கோடைமழை. இவ்வழக்கில் மழை மிகுதல் பெரும்பாலும் நற்செய்தி. 'நல்ல மழை' என்றால் பெரிய மழை என்றே பொருள்.

தோட்டத்தில் இவ்வளவைகள் அனைத்தும் பயனற்றுப்போயின. ஏர் இல்லை; ஆகவே உழவு மழை இல்லை. ஏப்ரல் - மே மாதங்களில், அதாவது சித்திரை வைகாசியிலும் இங்கு வெள்ளம் வருமளவு மழை பெய்யும். திங்களின் பெயர்கள் நாள்காட்டியிலும் கோயிலிலும் தங்கின. மழையிலிருந்து அவை பிரிந்தன. தீபாவளியை ஒட்டி வரும் மழை மட்டும் இரு நாட்டிலும் ஒத்துநின்றது. இங்கு மழையை அளக்க வேறோர் அளவுகோல் தேவைப்பட்டது. அதனைத் தந்தது பால்மரம்.

பால்வெட்டின் முறை நம் வாசகர் பலருக்கு நேரடியாகவே தெரிந்திருக்கும். இளையோர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்கு இறங்கும். ஆகவே விடியுமுன் பெரட்டு. பெயர் கொடுத்தபின் நிரைக்குச் செல்லல். உளியால் பட்டையைச் சாய்வாகச் சீவ, பால் அவ்வெட்டின் வழியே வழிந்து மங்கில் சேரும். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து அதனை வாளியில் ஊற்றிச் சேகரித்துக் காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்வர். இரவில் பெய்த மழையால் பட்டை ஈரமாயிருந்தால், பால் வெட்டின் வழி செல்லாது மரத்தின் மேனியெங்கும் பரவி வீணாகும். ஈரப்பட்டையில் பூஞ்சை நோயும் பற்றும். எனவே அன்று வெட்டு இல்லை. வெட்டிய பின்னர், பால் எடுக்குமுன் மழை பெய்தாலோ இன்னும் கேடு: மங்கில் மழைநீர் நிரம்பிப் பால் வழிந்தோடும். அன்று உழைப்பும் போயிற்று, பாலும் போயிற்று.

நாட்கூலியும் பாலின் எடையும் வருமானத்தை முடிவு செய்த காலத்தில் இதன் பொருள் தெளிவு. மாலையில் இரண்டு மணி நேரம் வானமே இடிந்து விழுந்தாற்போலப் பெய்த மழை, இரவுக்குள் மரம் உலர்ந்துவிட்டால், யாருக்கும் இழப்பில்லை. விடியல் நான்கு மணிக்குப் பெய்த சிறு தூறல் ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசியைக் கொண்டுபோய்விடும். மழையின் பெருமையும் சிறுமையும் இங்கு மில்லிமீட்டரில் இல்லை, மணியில் இருந்தன. ஆகவே முதியோர் பேச்சை உற்றுக் கேட்டால் ஓர் ஒழுங்கு புலனாகும். 'வெளுத்து வாங்குது', 'பிச்சுக்கிட்டு ஊத்துது' என்னும் ஆரவாரச் சொற்கள் பெரிதும் மாலை மழைக்கு உரியவை. வேலை முடிந்து, குளித்து, ஐந்தடியில் அமர்ந்து பார்க்கும் மழை அது. அதில் ஒருவகை மகிழ்ச்சிகூட உண்டு. விடியல் மழைக்கு அவர்கள் இத்தகைய சொற்களைத் தேடுவதில்லை. 'மரம் நனைஞ்சிருச்சு' என்பதோடு நிறுத்திக்கொள்வர். அத்தொடரில் மழையே இல்லை, மரம்தான் இருக்கிறது. ஆயினும் தோட்டப்புறத் தமிழில் மழை பற்றிய மிகக் கடுமையான சொல் அதுவே என்பது நம் கருத்து.

ஒரே நாட்டவரின் பேரக்குழந்தைகளிடத்து 'நல்ல மழை' என்னும் தொடரும் இவ்வாறு இரண்டுபட்டது. தமிழகத்துத் தாத்தாவுக்கு அது வாழ்த்து. தோட்டத்துப் பேரனுக்கு அது அளவைக் குறிக்கும் சொல் மட்டுமே. 'நல்ல மழை, வேலை இல்லை' என்று ஒரே மூச்சில் அவன் கூறுவான்.

காற்றும் இடியும்

'புயல்' என்னும் சொல்லும் பொருள் மாறியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாதலின், வங்கக் கடலோரத்தைத் தாக்கும் சுழற்புயல் இங்கு வருவது மிக அரிது. 2001 டிசம்பரில் ஜோகூரின் தென்கிழக்கில் கரைகடந்த வாமெய் அத்தகைய அருநிகழ்வு. ஆகவே மலேசியத் தமிழில் புயல் என்பது மலாய்மொழியின் 'ரிபுட்' என்பதற்கு ஈடாக, அரைமணி நேரம் அடித்துக் கூரைத் தகரத்தைத் தூக்கிச் செல்லும் காற்றைக் குறிக்கிறது. தமிழகத்து ஆசிரியர் ஒருவர் நம் நாளேட்டில் 'புயலில் வீடுகள் சேதம்' என்னும் தலைப்பைக் கண்டால் வேறொன்றனைக் கற்பனை செய்வார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையிலிருந்து பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் மேற்குக் கரையை நோக்கி வரும் காற்றுமழைக்கு வானிலையாளர் 'சுமாத்ரா' என்று பெயரிட்டுள்ளனர். அது வரும் நேரத்தைப் பார்த்தால், பால்வெட்டுக்கென்றே குறித்துவைத்தது போலும் என்று தோன்றும்.

இடி இடிக்கையில் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சிறுவரைச் சொல்லச் செய்யும் வழக்கம் தோட்டங்களிலும் தொடர்ந்தது. காண்டவ வனம் எரிந்தபோது இந்திரன் பொழிந்த மழையை அம்புகளால் கூரை அமைத்துத் தடுத்தவன் அருச்சுனன். பாரதக் கதை அறியாத குழந்தையும் அப்பெயரை அஞ்சும்போது அழைத்தது.

ஒலிக்குறிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். மழையின் ஒலி அது விழும் பரப்பைப் பொறுத்தது. ரப்பர்க் காட்டில் மழை உடலில் படுமுன் காதில் படும். தொலைவிலுள்ள நிரைகளின் இலைகள்மேல் அது விழும் இரைச்சல் 'சோ'வென நெருங்கி வரும். அத்தாப்புக் கூரையின்மேல் அது அடங்கி ஒலிக்கும். லயத்துத் தகரக் கூரையின்மேல் 'சடசட'வெனத் தொடங்கி, 'தடதட'வென வலுத்து, பேச்சே கேளாதவாறு செய்யும். ஓய்ந்தபின் எஞ்சுவது 'சொட்டுச் சொட்டு'. நாள் முழுதும் வலுவின்றித் தொல்லை தரும் மழை 'நசநச'. நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் இரட்டைக்கிளவிகள் பட்டியலாகக் கற்பிக்கப்படுகின்றன. மாணவர் அவற்றை மனனம் செய்து தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புகின்றனர். எந்தக் கூரையின்மேல் எந்த ஒலி என்று ஒரு மழைநாளில் காட்டினால் பட்டியலே தேவைப்படாது.

சொற்கள் வாழ்ந்த இடம்

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை உதவிப்பயணத்தில் அனுப்புவதைத் தடைசெய்த பின்னர், தோட்டப்புறத் தமிழ் பெரிதும் தன் வேரிலேயே வளர்ந்தது. அவ்வேரை அசைத்தது தோட்டங்களின் மாற்றம். ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. செம்பனைக் குலை வெட்டுவோருக்கும் மழை இடைஞ்சல்தான். ஆனால் மரம் நனைந்ததால் மட்டும் அன்றைய வெட்டு நின்றுவிடுவதில்லை. இன்று பல தோட்டங்களில் அவ்வேலையைச் செய்வோரும் தமிழரல்லர். தோட்டத்துப் பள்ளிகளுட் சில நகருக்கு இடம்பெயர்ந்தும் 'லாடாங்' என்னும் சொல்லைத் தம் பெயரில் வைத்துள்ளன. பள்ளியின் பெயரில் தோட்டம் எஞ்சிய அளவுக்கு மாணவர் பேச்சில் அது எஞ்சவில்லை.

மழை நின்றுவிடவில்லை, அச்சத்தின் இடம் மாறியது. 2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, அங்கு வாழ்ந்த தமிழருட் பலர் தோட்டத்து வேர்களை உடையோர். அவர்தம் பேச்சில் மையச் சொல் மழையன்று, 'தண்ணி ஏறுது' என்பதே. வானத்தைப் பார்த்துச் சொன்ன சொற்கள் தரையைப் பார்த்துச் சொல்வனவாயின. இதற்கிடையே தமிழகத்திலிருந்து திரைப்படம் வழியாகச் 'செம மழை' வந்து இளையோர் பேச்சில் அமர்ந்துள்ளது. அதனைப் பழிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் அச்சொல் உணவு, ஆடை, ஆட்டம் எனக் கண்டதற்கெல்லாம் பொருந்துவது. மழைக்கென்று அதனிடம் எதுவும் இல்லை. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டைத் தழுவி ஊடகங்கள் வழங்கும் 'கனமழை', 'மிகக் கனமழை', 'அதி கனமழை' என்னும் சொற்களுக்கு 64.5, 115.6, 204.5 மில்லிமீட்டர் எனத் தொடக்க எல்லைகள் உண்டு. எச்சரிக்கைக்கு அவை இன்றியமையாதவை. மழை எத்தனை மணிக்குப் பெய்தது, யார் நனைந்தனர் என்பதை அவை கூறா.

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணிக்கு நமக்கு முன்மாதிரிகள் உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களையும் அகராதிகளாகத் தொகுத்தனர். இருவரும் எழுத்தாளர்கள், தம் ஊர்ப் பேச்சைக் கேட்டு எழுதியவர்கள். பீடோரிலும் சுங்கையிலும் தாப்பாவிலும் அத்தகைய பணிக்கு முதற்கண் வேண்டுவன ஒலிப்பதிவுக் கருவியும், பால்வெட்டி ஓய்ந்த முதியோரிடம் அமர ஒரு பிற்பகலும் ஆகும். 'மழைக்கு என்னென்ன சொல்வீர்கள்?' என்று கேட்டால் அவர்கள் 'மழைதான்' என்பார்கள். விடியற்காலை மழை வந்தால் அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். மாணவரை அனுப்புவதாயின், வானம் கறுத்த நாளில் அனுப்புவது நலம். தகரக் கூரையின்மேல் ஒலி தொடங்கியதும் சொற்கள் தாமாகவே வரும்.